"சட்டவிரோதமாகக் குடியேறியவர்" – இலங்கைத் தமிழருக்கு இந்தச் சொல்லைப் போடலாமா?

நாலாம்பத்தி (இழையைத் தொடங்கியவர்) – 4 செப்டம்பர் 2025, மாலை 6.10

நான் ஒரு நாளிதழில் துணையாசிரியர். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். நேற்று இரவு ஷிப்டில் நான் வைத்த ஒரு தலைப்பு காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போனது. கூடவே உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையும் போட்டிருக்கிறது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வந்தது. பக்கம் மூடப் பத்து நிமிடம். நான் வைத்த தலைப்பு: "சட்டவிரோதமாகக் குடியேறிய இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனை இல்லை".

காலை 11 மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு போன். முகாமிலிருந்து ஒரு அம்மா. திட்டவே இல்லை. "தம்பி, 1990-ல மண்டபத்தில வந்து இறங்கின அண்டைக்கே போலீஸ் பேர் எழுதி, படம் பிடிச்சு, அட்டை தந்தது. கூப்பிட்ட நாளெல்லாம் போய் நிண்டிருக்கிறம். ஒளிச்சு வந்த ஆள் இப்பிடியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

சரி, வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்? அகதி, ஏதிலி, புலம்பெயர்ந்தவர், முகாம்வாழ் தமிழர்... எதுவுமே முழுசாகப் பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சட்டம்_சட்டமே – மாலை 6.42

உங்கள் தலைப்பில் தப்பே இல்லை சார். உரிய தாள் இல்லாமல் ஒரு நாட்டுக்குள் வருவது சட்டத்துக்கு விரோதம். அதைச் சட்டவிரோதம் என்றுதான் எழுத வேண்டும். ஒருவர் மனம் நோகிறது என்பதற்காகச் செய்தியின் பொருளை மாற்றிக்கொண்டே போனால், நாளைக்கு லஞ்சத்தைக்கூட "அன்பளிப்பு" என்று எழுத வேண்டியிருக்கும். இப்போதே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்கு ஈழத் தமிழர்மேல் வெறுப்பு கிடையாது. 83-இல் எங்கள் தெருவில் உண்டியல் குலுக்கினபோது என் அப்பாவும் கூடப் போனார். ஆனால் திருப்பூரில் தாள் இல்லாமல் பிடிபடும் வங்கதேசத்து ஆளுக்கு மட்டும் "சட்டவிரோதக் குடியேறி", நம் ஆளுக்கு "சகோதரர்" என்று இரண்டு அகராதி வைத்துக்கொள்ள முடியாது. ஒரே அளவுகோலாக இருக்கட்டும் என்கிறேன்.

---

மண்டபத்தான் – மாலை 7.30

போன் செய்த அம்மா எந்த முகாமோ தெரியாது. எங்கள் முகாமாகவும் இருக்கலாம்.

நான் 1990-இல் இங்கேயே பிறந்தவன். எந்தத் தோணியிலும் ஏறியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன், பஞ்சாயத்துப் பள்ளியில் படித்தேன், இப்போது பெயிண்டர் வேலை. சுற்றுவட்டாரத்தில் உயரமான கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும் என்றால் முகாமுக்குத்தான் போன் வரும். நான் எந்த எல்லையைத் தாண்டிக் குடியேறினேன் என்று சட்டம்_சட்டமே அண்ணன் சொல்லட்டும்.

பத்தாவது முடித்துப் பள்ளியில் டி.சி. வாங்கினபோது நடந்ததைச் சொல்கிறேன். "தேசிய இனம்" என்ற இடத்தைக் கிளார்க் காலியாக விட்டிருந்தார். என்ன போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வந்து, சிவப்பு மையில் "அகதி" என்று எழுதினார். மற்றதெல்லாம் நீல மை. இன்றைக்கும் அந்தச் சான்றிதழை நீட்டும்போது பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

அப்புறம் 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார்: இனி "அகதிகள் முகாம்" கிடையாது, "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்". 317 கோடிக்குத் திட்டம், 7,469 வீடு, பணக்கொடையும் கூட்டினார்கள். குடும்பத் தலைவருக்கு ஆயிரமாக இருந்தது ஆயிரத்து ஐந்நூறு ஆனது. நல்லதுதான், நன்றி உண்டு. பத்துக்குப் பத்து அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் தனிக் கக்கூஸின் அருமை. போர்டை மாற்றின அன்றைக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் ஐயா மட்டும் தட்டவில்லை. "அகதி எண்டால் உலகத்தில ஒரு கணக்கு இருக்கு. மறுவாழ்வு எண்டால் என்ன கணக்கு?" என்றார். அன்றைக்கு அவர் சும்மா குறை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

---

கோர்ட்டு_வாசல் – இரவு 8.15

தம்பி மண்டபத்தானின் ஐயா பிடித்த இடம் சரியான இடம்.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம்மிடம் தனி அகதிகள் சட்டமும் கிடையாது. ஆகவே போர்டில் "அகதி" என்று இருந்த காலத்திலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர், அவ்வளவுதான். போர்டு மாறியபோது சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மாறியது வேறொரு இடத்தில், ரொம்பப் பேருக்குத் தெரியாமல். குடியுரிமைச் சட்டத்தில் 2003-இல் ஒரு திருத்தம் வந்தது, 2004 டிசம்பர் 3-இல் அமலானது. "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லை 2(1)(பி) பிரிவில் வரையறுத்ததே அந்தத் திருத்தம்தான். செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவரும், ஆவணத்தோடு வந்து கெடு தாண்டித் தங்கியவரும் அதில் அடக்கம். பதிவு செய்து குடியுரிமை பெறும் 5-ஆவது பிரிவும், இயல்புரிமையாகப் பெறும் 6-ஆவது பிரிவும் "சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்" மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்கின்றன. நாற்பது வருடம் இங்கே இருந்தாலும் அந்த ஒரு சொல் வாசலிலேயே மறித்துவிடும். இதைத் தலைப்பில் சேதியாகப் போடுவதற்கும், ஒருவர் பெயருக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 திருத்தத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கு இன்னும் கடினம்: மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 87-க்கு முன் முகாமில் பிறந்த ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அதே முகாமில் 87 ஆகஸ்டில் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை.

---

மண்டபத்தான் – இரவு 8.31

எங்கள் வீட்டுக் கதையே அதுதான் அண்ணா. 84-இல் முதல்தரம் வந்தபோது பெரியண்ணன் இங்கே பிறந்தான், 85 பங்குனியில். 87-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 90-இல் மறுபடி ஓடி வந்தபோது நான் வயிற்றில். ஒரே தாய் வயிறு, ஒரே முகாம் மண். அவன் இந்தியன், நான் வெளிநாட்டவன். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் 90-இல் கடலிலேயே போய்விட்டது, அதனால் இப்போதைக்கு ரெண்டு பேரும் சமம்தான். :)

---

தேயிலைக்காடு – இரவு 9.05

கூடலூரிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சொல் சண்டை எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நடக்கிறது.

என் தாத்தா கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர், மண்டபத்தில் தனிமை முகாமில் வைத்துச் சோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்களாம். ஆமாம், அதே மண்டபம் கேம்ப்தான். அன்றைக்கு இலங்கைக்குக் கூலிக்கு அனுப்ப, பின்னால் இலங்கையிலிருந்து ஓடி வருபவர்களை வைக்க. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்து ஆள்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அங்கே அவர்களுக்கு வைத்த பெயர் "கள்ளத்தோணி". சிங்களவர் சொன்னார்கள், அங்கிருந்த தமிழரிலும் சிலர் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து திருட்டுத்தனமாகத் தோணியில் வருபவர்களைத் தடுக்க இலங்கை ராணுவம் தனிப் படையே வைத்திருந்த காலம் அது. ஆனால் கங்காணி பிடித்துக் கணக்கெழுதிக் கூட்டிப்போன குடும்பத்து ஆளையும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள். சண்டை என்றால் முதலில் வாயில் வருகிற வார்த்தை அதுதான் என்பார் தாத்தா.

1964 அக்டோபரில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலையகத்தில் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர். தாத்தா ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்தார். அரசு தந்த பெயர் "தாயகம் திரும்பியோர்". அவர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது! டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஊர்க்காரர்கள் "சிலோன்காரங்க" என்றார்கள், இன்றைக்கும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். எழுபது வயதில் அவர் சொன்னது: "ரெண்டு சர்க்காரும் என்னைய வேற ஊருன்னுதான் எழுதி வச்சிருக்கு".

இதே வம்சாவளியில் சிலர் ஒப்பந்தப்படி கப்பல் ஏறாமல், 83-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி வந்து முகாமில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி 65 பேர் வழக்குப் போட்டு, 2019-இல் மதுரைக் கிளை அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. கப்பலில் வந்தால் தாயகம் திரும்பியவர். தோணியில் வந்தால் சட்டவிரோதம். ஆள் ஒன்றுதான்.

---

நெறியாளர் – இரவு 9.20

"வந்தேறி" என்று தொடங்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர் பெங்களூரில் மூன்று வருடமாக வேலை பார்ப்பவர் என்று அவருடைய முகப்பில் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

---

விசைப்படகு – இரவு 9.48

ஒரு சின்னக் கேள்வி. நம் பசங்கள் நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டால் நம் பேப்பரில் "எல்லை தாண்டியதாகக் கூறி சிறைப்பிடிப்பு" என்று வரும். அந்தக் "கூறி"யைக் கவனியுங்கள். அதே செய்தி யாழ்ப்பாணத்துப் பேப்பரில் "சட்டவிரோத மீன்பிடி, இந்திய மீனவர்கள் கைது". நானே படகில் போகிறவன், எல்லை எங்கே என்று ஜி.பி.எஸ். காட்டும், பொய் சொல்ல மாட்டேன். "கூறி" என்ற ஒரு சொல்லுக்கு நம் ஊரில் எவ்வளவு தாராளம்! முகாம் அம்மாவுக்கும் அதில் கொஞ்சம் தந்திருக்கலாம்.

---

எடிசன்_நகர்வாசி – 5 செப்டம்பர், அதிகாலை 5.02

நியூஜெர்சியிலிருந்து. இங்கேயும் இதே பஞ்சாயத்துதான். 2013-இல் அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் "சட்டவிரோதக் குடியேறி" என்ற தொடரை எடுத்துவிட்டது. சட்டவிரோதம் என்பது செயலுக்கு ஆகும், ஆளுக்கு ஆகாது என்பது அவர்கள் கட்சி. "தாள் இல்லாதவர்" என்ற சொல்லையும் அவர்கள் ஏற்கவில்லை, தாள் ஏதோ ஒன்று எல்லாரிடமும் இருக்கும் என்பதால். 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் இருப்பது "ஏலியன்", அதாவது அந்நியர். பைடன் அரசு 2021-இல் குடியேற்ற அதிகாரிகளிடம் "குடிமகன் அல்லாதவர்" என்று எழுதச் சொன்னது. டிரம்ப் திரும்பி வந்ததும் ஏலியனும் திரும்பி வந்தான்.

போன பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால் சங்கிலியோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார்கள். இங்கே கோயிலில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. "நம்ம ஆளுங்களுக்கு விலங்கா?" என்று கொதித்த மாமா ஒருவர், பத்து நிமிடம் கழித்து ரோஹிங்கியாக்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் "பிடித்துக் கடலில் தள்ள வேண்டும்" என்றார். கையில் அதே தொன்னை, அதே சர்க்கரைப் பொங்கல்.

---

சட்டம்_சட்டமே – காலை 7.15

மண்டபத்தான் தம்பிக்கு: நீங்கள் இங்கே பிறந்தவர், உங்களைக் குடியேறி என்பது அபத்தம், ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது உங்களை இல்லை.

ஆனால் கோர்ட்டு_வாசல் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது, அதனால்தான் கதவு அடைபடுகிறது. அப்படியானால் பத்திரிகை அந்தச் சொல்லை மறைத்து "முகாம்வாழ் தமிழர்" என்று எழுதினால் வாசகனுக்கு உண்மை எப்படித் தெரியும்? ஏதோ மறுவாழ்வு நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைப்பான். சட்டம் இவர்களை இப்படித்தான் அழைக்கிறது என்று பச்சையாகப் போட்டால்தானே கோபம் வரும்?

---

கோர்ட்டு_வாசல் – காலை 8.40

இது நல்ல கேள்வி, நேற்று நான் யோசிக்காத பக்கம். இனிப்பான சொல்லும் சேதாரம் செய்யும் என்பது உண்மை. அதற்கு நம்மிடமே முதல்தரமான உதாரணம் உண்டு: "சிறப்பு முகாம்". திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியே போக முடியாது. அதற்குப் பெயர் சிறப்பு! ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கையர் நான்கு பேர் சிறையிலிருந்து நேரே அங்கேதான் போனார்கள். சாந்தன் 2024 பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள்.

"நாடு கடத்தல்" என்பதையும் கவனியுங்கள். தங்கம் கடத்தல், ஆள் கடத்தல், நாடு கடத்தல். முதல் இரண்டும் குற்றம், மூன்றாவது அரசு ஆணை. இந்த வருடம் வங்காளம் பேசும் தொழிலாளர்கள் சிலரை வங்கதேச எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டதாகப் புகார்கள் வந்தனவே, அதற்கு ஆணைகூடக் கிடையாது, "புஷ் பேக்" என்று ஒரு பெயர் மட்டும். நாங்கள் இந்தியர் என்று அதில் சிலர் இப்போது வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் கருத்து: சட்டத்தின் சொல்லைப் போடுங்கள், ஆனால் அது சட்டத்தின் சொல் என்று தெரியும்படி போடுங்கள். "குடியுரிமைச் சட்டம் இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது" என்றால் செய்தி. "சட்டவிரோதக் குடியேறிகளான இலங்கைத் தமிழர்" என்றால் அது பத்திரிகையின் தீர்ப்பு.

மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த நீதிபதி, உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்றார். நம் பேப்பர்கள் "சத்திரம்" என்று போட்டன. சத்திரம் என்றால் நம் ஊரில் எவ்வளவு நல்ல சொல், ராணி மங்கம்மாள் சத்திரம்வரை! வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட இடம் ஒரே நாளில் வசவாகிவிட்டது.

---

பலாலி_வீதி – காலை 10.12

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி. நீங்கள் எல்லாரும் போகும்போது என்ன பெயர் என்று கதைக்கிறீர்கள். திரும்பி வரும்போது என்ன பெயர் என்று நான் சொல்கிறேன்.

இந்த மே மாதம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஒரு வயோதிபர் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு, எல்லாம் முறைப்படி, பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். இறங்கினதும் கைது. என்ன குற்றம்? அந்த நாளில் கடவுச்சீட்டு இல்லாமல், அங்கீகரித்த துறைமுகம் வழியாக இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம். குண்டு விழுந்த நேரத்தில் குடிவரவுத் திணைக்களத்தில் முத்திரை குத்திவிட்டுத் தோணி ஏறியிருக்க வேணும் போல. இங்கே பெரிய எதிர்ப்பு வந்த பிறகு அரசாங்கம் சட்டத்தைத் திருத்துவதாகச் சொன்னது.

ஆக, அந்தக் கரையில் சட்டவிரோதமாக வந்தவர், இந்தக் கரையில் சட்டவிரோதமாகப் போனவர். நடுவில் கடல் மட்டும்தான் மிச்சம்.

ஏதிலி என்ற சொல்லை நாங்கள் எழுத்தில் பாவிக்கிறோம், ஆனால் என் அம்மம்மா வாயில் அது வந்ததில்லை. குறளில் "ஏதிலார் குற்றம்போல்" என்று வருகிற ஏதிலார் வெறும் அயலார்தான். அகதி என்பதிலாவது கதி இல்லை என்ற துயரம் கேட்கிறது.

---

தேயிலைக்காடு – காலை 10.40

பலாலி_வீதி அக்கா, "தானாக விரும்பித் திரும்புதல்" என்ற சொல்லுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ராஜீவ் கொலைக்குப் பிறகு 1992 ஜனவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று வெளியே கேள்வி எழுந்த பிறகுதான் ஐ.நா. அமைப்பை உள்ளே விட்டார்கள். என் சித்தப்பாவின் மாமனார் அப்போது ஒரு முகாமில் இருந்தார். நீட்டின தாள் ஆங்கிலத்தில் இருந்தது, வரிசையில் நின்று கைநாட்டு வைத்தோம், கப்பல் தேதி தெரிந்த பிறகுதான் எதில் வைத்தோம் என்று தெரிந்தது என்பார்.

---

நாலாம்பத்தி – மதியம் 1.25

எல்லாருக்கும் நன்றி. இன்று டெஸ்கில் பேசினேன். "பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்" என்று போடலாம் என்றேன். மூத்தவர் பக்கத்தைக் காட்டி, "இரண்டு பத்தித் தலைப்பில் இது எப்படி நிற்கும்? அகதி மூன்றெழுத்து, நிற்கும்" என்றார். நாற்பது வருடமாக எந்தச் சொல் நிலைத்தது என்பதற்குப் பாதிக் காரணம் பத்தி அகலம்தான் என்று தோன்றுகிறது. திருத்தம் நாளை ஏழாம் பக்கத்தில் வரும், நாலு வரி.

மறுபடி ஆணையைப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கியர் முதலான ஆறு மதத்தாருக்கு அதே ஆணையில் கெடு 2024 டிசம்பர் 31. இலங்கைத் தமிழருக்கு 2015 ஜனவரி 9. 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் பாலும் மருந்தும் இல்லாமல் தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனை மணல் திட்டில் வந்து நின்றவர்கள் இதில் எங்கே?

---

கோர்ட்டு_வாசல் – மதியம் 1.50

வெளியே. 2022-இல் வந்தவர்களுக்குத் தமிழக அரசு மண்டபத்தில் இடமும் சாப்பாடும் தந்தது. கெடுவுக்குப் பின் வந்ததால் இந்த விலக்கு அவர்களுக்கு இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் விலக்கு தண்டனையிலிருந்துதான். குடியுரிமை தருவதாக அதில் எங்கும் சொல்லவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் அந்த மூன்று நாட்டின் ஆறு மதத்தாருக்கு மட்டும் "சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது" என்று எழுதி வைத்தது, இலங்கையை விட்டுவிட்டது. சொல்லை நீக்கச் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

---

மண்டபத்தான் – மாலை 6.55

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். கோர்ட்டு_வாசல் அண்ணா, ஒரு உதவி. அந்த ஆணை தமிழில் கிடைக்குமா? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குடியுரிமை வந்துவிட்டது என்று ஒருத்தர் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். எல்லாரையும் அனுப்பப் போகிறார்கள் என்று இன்னொரு வீட்டில் அழுகை.

---

கோர்ட்டு_வாசல் – இரவு 7.20

அரசிதழில் இந்தியும் ஆங்கிலமும்தான் தம்பி. உங்களுக்குப் பொருந்தும் பகுதியை மட்டும் நான் தமிழில் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள். எத்தனை பக்கம் அச்செடுக்க முடியும்?

---

மண்டபத்தான் – இரவு 7.26

ரெண்டு பக்கம் போதும்ணா. நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், ஐயா கண்ணாடி போட மாட்டார்.